இஸ்திரிக்குப் போகாத கவுன்

என் மகளின் கவுனைப் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அம்மாளிடம் போட்டு, மூடி வைத்த ஓர் எவர்சில்வர் டப்பா வாங்கியவன் நான்தான். மகள் கேட்டபோது, இஸ்திரி போடும் மாதப்பாவிடம் கொடுத்தேன், அவர் தொலைத்துவிட்டார் என்று சொன்னேன். எனக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. அதற்கு முன் முப்பது வருடத்துக்கு மேல் மாநில அரசில் எடை, அளவு சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்து, தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் புளி உருண்டையைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்து வழக்குப் போட்டவன். பொய் எடை எப்படி இருக்கும் என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

கவுனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேகலா பொம்மசந்திராவில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். ஜப்பான்காரர்களோடு கூட்டுச் சேர்ந்த கம்பெனி, ஜப்பானியமும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். காலை ஆறரை மணிக்குத் தொம்மலூரில் கம்பெனி பஸ் ஏறுவாள். சாம்பல் நிறச் சட்டை, சாம்பல் நிறப் பேன்ட், காலில் இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ். ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள். முழங்கால்வரை குடைபோல் விரியும் கவுன், அது விரிந்து நிற்க உள்ளே இரண்டு பாவாடை, கைக்குழந்தைக்குக் கட்டுவதுபோல் தாடையில் நாடா முடிந்த குல்லா, லேஸ் வைத்த குடை. ஜப்பானில் தெருவில் இப்படிப் போகிற கூட்டம் உண்டாம். அந்தப் பாணிக்கு அங்கே பெயர், உட்பிரிவு, சட்டதிட்டம் எல்லாம் இருக்கின்றன. நான் பொம்மை உடை என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பெங்களூரில் இதே பித்துப் பிடித்த பத்துப் பேர் கப்பன் பார்க்கில் ஜமுக்காளம் விரித்து, பீங்கான் கோப்பையில் டீ குடிப்பார்கள். செக்யூரிட்டி முதலில் சினிமா ஷூட்டிங் என்று நினைத்து அனுமதிச் சீட்டுக் கேட்டானாம்.

தொலைந்ததாக நான் சொன்ன கவுனில் ஸ்ட்ராபெர்ரிப் பழமும் கேக்கும் அச்சடித்திருக்கும். மேகலா ஒரு வருடத்துக்கு மேல் இணையத்தில் காத்திருந்து, ஜப்பானில் யாரோ உடுத்தியதை வரவழைத்தாள். அந்தச் சமயத்தில்தான் சேலத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மா வீடு முழுக்கச் சுற்றிப் பார்ப்பார், பீரோவைக்கூடத் திறப்பார் என்று தரகர் எச்சரித்தார். பீரோவில் முதலில் கண்ணில் படுவது அந்தக் கவுன்தான், நான் பயந்துவிட்டேன். பாத்திரக்கார அம்மாள் கவுனைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன சாமி, பேண்டு வாத்தியக்காரங்க துணியா? ஜரிகைப் புடவை இருந்தா குடுங்க" என்றாள். அவளுக்கே அது வேண்டாம். என் வேட்டி இரண்டைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் டப்பா கிடைத்தது.

சேலத்துக்காரர்கள் வந்தார்கள், கேசரி பாத் சாப்பிட்டார்கள், பீரோ பக்கமே போகவில்லை, பிறகு ஜாதகம் சரியில்லை என்றார்கள்.

மேகலா மாதப்பாவின் தள்ளுவண்டிக்குப் போய், தெருவே பார்க்க, "உங்களை நம்பித்தானே குடுத்தோம்" என்று சத்தம் போட்டாள். "மாதேஸ்வரன் மேல ஆணைம்மா, என் கைக்கு வரல" என்றார் அவர். ஆனாலும் இஸ்திரிப் பெட்டியின் கரியை அணைத்துவிட்டு, மூன்று நாள் வீடு வீடாக ஏறி, ஸ்ட்ராபெர்ரிப் படம் போட்ட கவுன் தவறி வந்ததா என்று கேட்டார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் வந்து, "இருக்கும் சார், நானே எங்கேயோ விட்டிருப்பேன். வயசாகுது" என்றார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. போன மாதம் மேகலாவைக் கம்பெனி எட்டு நாள் பயிற்சிக்கு டோக்கியோ அனுப்பியது. "நீங்களும் வாங்கப்பா. தனியா விட்டா மூணு வேளையும் பன்னும் டீயும்தான் சாப்பிடுவீங்க" என்றாள். அவள் அம்மா இறந்ததிலிருந்து அவளுக்கு இந்தக் கவலை. நான் உடனே சரி என்றேன். அவள் பயிற்சிக்குப் போகும் நேரத்தில் அதே கவுனைக் கண்டுபிடித்து வாங்கிவிட வேண்டும், அதைக் கையில் கொடுத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வெறும் கையோடு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கவுனின் படம் என் போனில் இருந்தது.

முதல் நாள் ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்க இடமில்லை. கட்டிலில் நான் காலை மடக்கி உட்கார்ந்தால்தான் மேகலா கதவைத் திறக்கலாம். கழிப்பறையில் விமானி அறைபோல் பொத்தான்கள். ஒன்றை அமுக்கினேன், அருவி கொட்டும் சத்தம் மட்டும் வந்தது. தண்ணீர் இல்லை. இன்னொன்றை அமுக்கினேன், எதிர்பாராத திசையிலிருந்து தண்ணீர் வந்தது. சட்டையைக் காயப்போட்டுவிட்டுக் கீழே கடைக்குப் போய் முக்கோணச் சோற்று உருண்டை வாங்கினோம். உள்ளே சிவப்பாக ஒரு புளிப்புக் காய். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் நம்முடைய உப்பில் ஊறிய நாரத்தங்காய்தான். அன்றிலிருந்து அதுவே எனக்கு மூன்று வேளையும்.

இரண்டாம் நாள் தனியாகக் கிளம்பினேன். பொம்மை உடைக்காரர்களின் தலைமையிடம் ஹராஜுகு. நகரத்தை வட்டமாகச் சுற்றும் ரயிலில் ஏறினால் நான்காவது ஸ்டேஷன் என்று மேகலா, காரணம் கேட்காமல், எழுதிக் கொடுத்திருந்தாள். இருக்கையின் அடியில் இதமான சூடு வந்தது. தூங்கிவிட்டேன். நம் ஊர் பஸ்ஸாக இருந்தால் கண்டக்டர் தோளைத் தட்டி, "ஏளி தாத்தா, லாஸ்ட் ஸ்டாப்" என்று எழுப்பியிருப்பார். இங்கே யாரும் யாரையும் தொடுவதில்லை, வட்டத்துக்கு லாஸ்ட் ஸ்டாப்பும் இல்லை. கண் விழித்தபோது ரயில் ஒரு சுற்று முடித்து, நான் ஏறிய ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டிருந்தது. எதிரே இருந்தவர்கள் மாறியிருந்தார்கள், அவர்களும் தூங்கினார்கள்.

ஹராஜுகு தெரு நம் சிக்பேட்டை அகலம்தான். ஊரே பொம்மை உடையில் இருக்கும் என்று நினைத்துப் போனேன். என்னைப்போல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் இருந்தார்கள், ஆளுக்கொரு தோசை மாதிரி சுருட்டிய பண்டத்தில் க்ரீம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு. ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு பெண் வந்தாள். ஆயுத பூஜை அன்று தொம்மலூர் ஆட்டோவைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி இருந்தாள். தலைமயிர் தெரியாதபடி கிளிப், கிளிப்பின் மேல் கிளிப், மூக்கில் நட்சத்திர ஸ்டிக்கர், கழுத்தில் பிளாஸ்டிக் கரடி. வாழைக்கன்று ஒன்றுதான் குறை.

போனில் மொழிபெயர்க்கும் செயலியை மேகலா போட்டுத் தந்திருந்தாள். அதன் தமிழ் கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழில் வரும் தமிழ். "தினமும் இப்படித்தான் இருப்பியாம்மா?" என்று கேட்டேன். அவள் பேசியதைப் போன் சொன்னது: "மதிப்பிற்குரிய முதியவரே, நான் வங்கி ஊழியை. அங்கே ஒரேயொரு கறுப்பு ரப்பர் வளையம் அனுமதிக்கப்படுகிறது. இன்று விடுப்பு. ஆகவே இன்று நான் நானாக இருக்கிறேன்." மேகலாவும் ஒருமுறை இதேபோல் ஏதோ சொன்னாள். நான் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

பழைய பொம்மை உடைகள் விற்கும் கடை எங்கே என்று அவள்தான் வழி காட்டினாள்.

மூன்றாம் நாள் அந்தக் கடைக்குப் போனேன். ஒரு கட்டடத்தின் நிலவறை. படியிறங்கினால் இளஞ்சிவப்பு. கல்லாவில் இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மூக்குக் கண்ணாடிக்கு வெள்ளிச் சங்கிலி, உடம்பு முழுக்க ரோஜா அச்சடித்த கவுன். இதெல்லாம் சின்னப் பெண்களின் கூத்து என்று நினைத்திருந்த எனக்கு, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு டீச்சர் குல்லா போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது. நான் அவரை ரோஜா அம்மாள் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். படத்தைக் காட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். "ஆகா, ஸ்ட்ராபெர்ரி. இது மிகவும் குறைவாகவே தைக்கப்பட்டது. கடையில் தற்போது இல்லை. யாருக்கு வேண்டும் என்று அறியலாமா?" என்றது போன்.

மகளுக்கு என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வியும் வரும் என்று தோன்றியது. "ஒருத்தருக்கு" என்றேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

ரோஜா அம்மாளின் முகம் கனிந்துவிட்டது. கதவில் 'மூடப்பட்டது' பலகையைத் திருப்பி வைத்தார். "தயங்க வேண்டாம். இங்கே பல தாத்தாக்கள் வருகிறார்கள்" என்றது போன். நான் மறுப்பதற்குள் அளவு நாடாவோடு என் மார்பைச் சுற்றி வந்துவிட்டார். பழக்கதோஷம், நாடாவில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். கையும் தோளும் அளந்து, பெருமூச்சு விட்டு, ஸ்ட்ராபெர்ரி கிடைத்தாலும் என் தோளுக்குப் பத்தாது என்றார். அதற்காக நான் மனம் உடையக் கூடாதென்று உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். இளவரசர் பாணியாம். முழங்காலோடு முடியும் கால்சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, கழுத்தில் சிறு அருவிபோல் லேஸ். திரைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டேன். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே.

கண்ணாடியில் பார்த்தேன். யட்சகானத்தில் அரசனாக நடிக்க வந்து வசனம் மறந்தவன்போல் இருந்தேன். குளிருக்காக நான் போட்டிருந்த மங்கி குல்லாவைக் கழற்றப் போனேன். ரோஜா அம்மாள் கையால் தடுத்து, அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இந்தத் தலையணி எந்தப் பாணி?"

"தொம்மலூர்" என்றேன்.

படம் எடுத்து இணையத்தில் போடலாமா என்றார். டோக்கியோவில் என்னை யாருக்குத் தெரியும் என்று தலையாட்டினேன். கவுனுக்கு வந்தவன் இளவரசர் உடையை ஒரு காகிதப் பையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதை வாங்காமல் வெளியேறும் வழி எனக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் காலை, சோற்று உருண்டையின் பிளாஸ்டிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மேகலா போனை என் முன் நீட்டினாள். "அப்பா, இது யாரு?"

அந்தக் கடையின் பக்கத்தை அவள் ஏழு வருடமாகப் பார்த்து வருகிறாளாம். மங்கி குல்லாவும் லேஸுமாக நான் நின்றிருந்தேன். கீழே ஏராளமான இதயங்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்காகத்தானே போனீங்க? இது என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு."

நான் உருண்டையைக் கடித்தேன். வாயில் சோறு இருந்தது என்பது உண்மை. விழுங்கிய பிறகும் பேசவில்லை என்பதும் உண்மை. அன்று பயிற்சிக்குப் போகும்போது அவள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அவள் அப்படிச் செய்து பல வருடம் ஆகிறது. அப்படியே விட்டுவிடலாமா என்று நாள் முழுக்க யோசித்தேன். விட்டுவிட்டால் நான் நல்ல தகப்பன். மதியம் பசிக்கு நேபாளக்காரர் நடத்தும் இந்திய ஹோட்டலில் சாம்பார் கேட்டேன், முறம் அளவு 'நான்' ரொட்டி ஒன்று கொடுத்தார்கள். அதில் பாதிகூடச் சாப்பிட முடியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் சொல்ல வாயெடுத்து, ஒருமுறை வானிலை பற்றியும் ஒருமுறை கொத்தமல்லி கிடைக்காதது பற்றியும் பேசினேன்.

கடைப் பக்கத்தில் என் படத்தின் கீழே 'இது என் அப்பா' என்று மேகலா எழுதியிருந்தாள்; சனிக்கிழமை ரோஜா அம்மாள் நடத்தும் டீ விருந்துக்கு எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. மேகலா ஊரிலிருந்து கொண்டுவந்த நீலக் கவுன் போட்டாள். நான் இளவரசர் உடை. ரயிலில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தொம்மலூரில் இருந்திருந்தால் இறங்குவதற்குள் என் ஜாதகமே விசாரித்திருப்பார்கள்.

விருந்தில் பதினோரு பெண்மணிகள், மூன்றடுக்குத் தட்டில் கேக். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவராக எழுந்து, தாம் போட்டிருக்கும் உடை தமக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். ஒருத்தி விவாகரத்து ஆன மறுநாள் வாங்கினாளாம். இன்னொருத்தி திரைச்சீலையைக் கிழித்துத் தானே தைத்தாளாம். எல்லோரும் மென்மையாகக் கை தட்டினார்கள். மேகலா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு என் முறை வந்தது.

"சொல்லுங்கப்பா, நான் ஜப்பானியத்துல சொல்றேன்" என்றாள்.

எழுந்தேன். காலுறை ஒன்று நழுவியது. "நான் ஒரு ஸ்ட்ராபெர்ரி கவுன் தேடி அந்தக் கடைக்குப் போனேன்" என்றேன். அவள் சொன்னாள், கை தட்டினார்கள். "அது என் பொண்ணோட கவுன் மாதிரியே வேணும்னு." அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பலமாகக் கை தட்டினார்கள்.

"அந்தக் கவுன் தொலையல. நான்தான் பாத்திரக்காரிகிட்ட போட்டேன்."

மேகலா சொல்லவில்லை. பெண்மணிகள் புன்னகையோடு காத்திருந்தார்கள். ரோஜா அம்மாள் ஏதோ கேட்டார், 'பிறகு?' என்பதாக இருக்க வேண்டும். மேகலா என்னைப் பார்க்காமல், தொழிற்சாலையில் பழுதான பாகத்தின் அறிக்கை வாசிக்கும் குரலில் அதைச் சொன்னாள். "ஏஏஏ" என்று பதினோரு பேரும் ஒரே சுருதியில் இழுத்தார்கள். பழைய துணிக்குப் பாத்திரம் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. மேகலாவே விளக்க வேண்டியிருந்தது. திரைச்சீலைப் பெண் கை தூக்கி, என்ன பாத்திரம் என்று கேட்டாள். டப்பா என்றேன். மூடி இருந்ததா என்றாள். இருந்தது என்றேன். யாரும் கை தட்டவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் மேகலா குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடையின் லேஸை நீவிக்கொண்டே கேட்டாள்.

"மாதப்பாக்குத் தெரியுமா?"

"இல்ல."

"தெருவுல வச்சு அவரைத் திட்டினேனேப்பா. நீங்க மாடியில நின்னுட்டிருந்தீங்க."

"ஆமா."

"முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் என்கிட்ட பேசுங்க."

விமானத்தில் எனக்குச் சைவச் சாப்பாடு வந்ததா என்று மட்டும் பணிப்பெண்ணிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

ஊர் வந்த மறுநாள் காலை மாதப்பாவின் வண்டிக்குப் போனேன். அவர் யாருடைய பேன்ட்டுக்கோ மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, "அப்போ நான் தொலைக்கல" என்றார்.

"இல்ல."

"நிஜம்தானே சார்? இப்போ மாத்திப் பேச மாட்டீங்களே?"

"நான்தான் மாதப்பா. உங்க கைக்கே வரல."

"ரெண்டு வருஷமா ஒவ்வொரு மூட்டையையும் மூணு தடவை எண்ணுறேன் சார். கட்டினதை அவுத்து எண்ணுறேன். என் பொண்டாட்டி மைசூருக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, மறதி வியாதின்னு." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கரியை அணைத்தார், துண்டை உதறித் தோளில் போட்டார். "வாங்க சார். நான் அன்னைக்கு நாப்பது வீடு ஏறினேன். நீங்களும் ஏறுங்க."

ஏறினோம். மாதப்பா மணி அடிப்பார், ஓரமாக நின்றுகொள்வார், நான் சொல்ல வேண்டும். பாதிப் பேருக்கு எதுவும் நினைவில்லை. "எந்த கவுன் சார்? உள்ள வாங்க, காபி குடிங்க" என்றார்கள். ஒன்பதாவது காபிக்குப் பிறகு எனக்கு நெஞ்சு படபடத்தது. ஒரு வீட்டில் புதிதாகக் குடி வந்தவர்கள். கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க வந்திருக்கிறேன் என்றே கடைசிவரை நினைத்தார்கள். இன்னொரு வீட்டில் ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ், எழுத்தில் கொடுக்க முடியுமா என்று கேட்டார். மூன்றாவது மாடிகளில் மாதப்பா எனக்காக நின்று நின்று ஏறினார். ஒரு வீட்டைக்கூட விடவில்லை. இரண்டு நாள் ஆயிற்று.

நாற்பதாவது வீட்டை விட்டு இறங்கியதும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆய்த்து சார், முடிஞ்சது" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் துண்டை மடித்தார்.

"மேகலாம்மா துணி அனுப்புங்க. அந்த ஜப்பான் கவுன் எல்லாம் அனுப்புங்க, ஈரத்துணி போட்டு நிதானமாத் தேய்ச்சுத் தர்றேன். உங்க துணி வேணாம் சார்."

மேகலா இப்போது என்னிடம் பேசுகிறாள். தேவையானதைப் பேசுகிறாள். ஸ்ட்ராபெர்ரி வந்தால் சொல்வதாக ரோஜா அம்மாள் எழுதியிருக்கிறார், இதுவரை வரவில்லை. சனிக்கிழமைதோறும் நீலக் கவுனும் இரண்டு பாவாடைகளும் மாதப்பாவின் வண்டிக்குப் போய், மடிப்புக்கு மடிப்பு நிமிர்ந்து, ஹேங்கரில் திரும்பி வருகின்றன. அவரே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்து, அவளை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். அவள் எண்ணாமல் வாங்கிக்கொள்கிறாள். நான் என் சட்டைகளை டைனிங் டேபிளில் போர்வை விரித்து நானே தேய்க்கிறேன். கையைத் தேய்த்தால் முதுகு கசங்குகிறது. முதுகைத் தேய்த்தால் காலர் கருகுகிறது.